தங்கச்சிக்குக் கொடுத்த பெட்டி

டச்சப் அக்கா என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் அவளைத் தெரியும். தன் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் முகங்களைத் திருத்தியவள். குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்ட பிள்ளைக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்தால், பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

அண்ணன் வீட்டு மருமகள் டிசைன் படித்துவிட்டு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் தன் மேஜையில் பில் போட்ட கம்ப்யூட்டரைத் தங்கையிடம் தூக்கிக் கொடுத்து, வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னார்: "வீட்ல உக்காந்து இதுல சீட்டாடு தங்கச்சி. உனக்குக் கண்ணும் மங்கிப்போச்சு."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வந்தாள். "வருஷா வருஷம் அவனுக்கு வர்ற அந்த ஸ்கூல் போட்டோ வேலைய அவன்கிட்டேருந்து பிடுங்கல, நான் அவனோட பொறந்தவ இல்ல" என்றாள் புருஷனிடம்.

"மொதல்ல இந்தப் பெட்டிக்கு உயிர் வரட்டும்" என்றார் அவர்.

கடையில் ரெடிமேடாக, இருப்பதிலேயே மலிவாக விற்கிற ரகம் அது. ஒரு குரூப் போட்டோவைத் திறந்தாலே உறைந்துபோகும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். ரேம் போட இரண்டு இடம், ஒன்று காலி. அதை நிரப்பினாள். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாள். பெட்டிக்குச் சுரணை வந்தது. கிராபிக்ஸ் கார்டில்தான் இடறினாள். பெரிய கார்டு நிறையக் கரண்ட் இழுக்கும் என்று முதலில் பெரிய பவர் சப்ளை வாங்கிவிட்டாள். அதன் பிளக்கோ போர்டில் நுழையவே இல்லை. கவரைப் பிரித்துவிட்டதால் கடைக்காரன் திருப்பியும் எடுக்கவில்லை.

ரிப்பேர்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கம்பெனிக்காரன் வேணும்னே இப்படிப் பண்ணி வச்சிருக்கான்மா. அவன் சரக்கைத் தவிர வேற எதுவும் நுழையக் கூடாதுன்னு."

"எங்க அண்ணனும் அதே கம்பெனிதான்."

"பெரிய கார்டை மறந்துடுங்க. போர்டுலேருந்தே கரண்ட் எடுத்துக்கிற குட்டிக் கார்டு இருக்கு, அது போதும்."

குட்டிக் கார்டும் பழைய ஹார்டு டிஸ்க் இருந்த தகரக் கூட்டில் இடித்தது. ரிவெட்டுகளை டிரில்லால் துளைத்து, கூட்டையே பெயர்த்து எறிந்தாள். புருஷன் வாசலில் நின்று பார்த்தார், கிட்டே வரவில்லை.

அந்த வருஷம் பள்ளியில் டிராயிங் வாத்தியாரே படம் எடுத்துவிட்டார். திருத்தி அச்சடிக்கும் வேலைதான் பாக்கி. டச்சப் அக்காவும் போய்க் கேட்டதால், அவளிடமும் அண்ணன் ஸ்டூடியோவிலும் ஒரே வகுப்பின் படங்களைக் கொடுத்து, மாதிரி கேட்டார் பெரிய டீச்சர். மருமகள் ஒரே பட்டனில் எல்லாருக்கும் கண்ணைத் திறந்துவிட்டாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பேயைப் பார்த்தது போல விழித்தார்கள். டச்சப் அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சொந்தக் கண்ணையே தேடி வைத்தாள். பெட்டி ஒரு தடவைகூட உறையவில்லை. மொத்த வேலையும் அவளுக்கே வந்தது.

பெரிய அளவில் அச்சடிக்கும் மிஷின் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனாள். முதல் படம் வெளியே வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"கலர் சரியில்லண்ணே. திரும்பப் போடுங்க."

"நல்லாத்தானே இருக்கு?"

"கஸ்டமர் நான் சொல்றேன்ல?"

மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை அவள் பக்கம் பார்க்காமலே தாளை நீட்டினார்.

"போதும் வாடி" என்று புருஷன் காதோடு கெஞ்சினார். "அவர் மூஞ்சியப் பாரு."

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணு போடுங்கண்ணே."