ஏகாதசிக் காபியும் லேப்ராஸ்கோபியும்

போன வாரம் புதன்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமையே எடுத்திருக்க வேண்டியது... ஒரு டம்ளர் காபியால் தள்ளிப்போனது!

பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோபிதான், வயிற்றில் சின்னதாக நாலு துளை என்று டாக்டர் சொன்னாரோ இல்லையோ, "காது குத்தற மாதிரிதான் ஓய்!" என்று இவர் மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். துளைதான் சின்னது. உள்ளே நடப்பது முழு ஆபரேஷன், முழு மயக்கம் — இதை யார் அவர் காதில் போடுவது? வெளியேதான் இந்த வீராப்பு. வீட்டுக்குள் வந்தால் என் பின்னாலேயே சுற்றுவார்.

செவ்வாய் காலை அடையாறில் ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்னப் பெண், சிரித்த முகம்.

"அங்கிள், வெறும் வயிறுதானே?"

"பல்லுல பச்சைத் தண்ணி படலைம்மா!"

டாக்டர் வெளியே போனார். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். குப்பென்று காபி வாசனை!

"ஏன்னா... காபி குடிச்சேளா?"

"நீ குளிச்சுண்டிருந்தப்போ ஒரு டம்ளர். காபிதானேடி! ஏகாதசிக்கே குடிக்கறேன்."

எங்கள் வீடுகளில் இது எழுதாத சட்டம். ஏகாதசியன்று சோறு கூடாது, காபி உண்டு. பெருமாள் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதே. தள்ளிப் போட்டுடுவா. இன்னொரு தரம் எனக்குத் தைரியம் வராதுடி."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை உதறிவிட்டு டாக்டரிடம் சொல்ல ஓடினேன்.

டாக்டர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அங்கிள், காபின்னா பால் இருக்கே. அது சீக்கிரம் செரிக்காது. மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, ஆன்ட்டி சொன்னாங்க."

ஆபரேஷன் மறுநாளைக்கு மாறியது. "காட்டிக் கொடுத்துட்டே" என்றவர், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, மனுஷர் முழுசாக இருந்தால் போதாதா?

புதன்கிழமை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் முதல் அலறல் — "தோள்பட்டை வலிக்கறது! ஹார்ட் அட்டாக்!"

நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். வயித்துக்குள்ள காஸ் நிரப்பித்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க. அதோட வலிதான், தோள்ல தெரியும். கொஞ்சம் எழுந்து நடந்தா குறைஞ்சிடும்."

நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமயத்தில் துளை போதாமல் வயிற்றைத் திறக்கவும் நேரிடும் — அது உங்கள் நல்லதுக்குத்தான். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ இருந்தால் உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். டாக்டர் சரி என்கிறவரை தண்ணீர்க் குடம் தூக்குகிற வேலை வேண்டாம். முக்கியமாக, மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்... காபி, மாத்திரை, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த கஷாயம் உட்பட!

நேற்று ஏகாதசி. காலையில் காபியை நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"குடிக்கலாமோன்னோ? நீ சொன்னாத்தான் குடிப்பேன்."

"தாராளமா குடிங்கோ. இன்னிக்குக் கேள்வி கேட்கப்போறது பெருமாள் மட்டும்தானே!"