இரண்டு மில்லிஆம்பியர்

"இன்னிக்கு எவ்வளவும்மா?"

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு வில்லைகளை அவருடைய நெற்றியின் இரு பக்கமும் வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக்கொண்டே நர்ஸ் பதில் சொல்வார்.

"ரெண்டு மில்லிஆம்பியர்தான் அண்ணா. நேத்து மாதிரியே."

"ரெண்டா! அதுல ஒரு பல்பு கண்ணைக்கூடத் தொறக்காதே."

"பல்புக்கு இல்லண்ணா, உங்களுக்கு."

அடுத்தது இடது காது. மடலுக்குள் ஒரு சின்ன கிளிப்பை மாட்ட வேண்டும்; அங்கே தோலுக்கடியில் இருக்கும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகுமாம். ஆனால் அந்தக் காதில் ஏற்கெனவே ஒரு பென்சில் குடியிருக்கும், இருபத்தெட்டு வருஷமாக. நர்ஸ் அதை எடுத்து அவர் சட்டைப் பையில் போடுவார். ஒரு நிமிஷத்தில் அவர் கை தானாகப் போய் அதை எடுத்து வலது காதில் செருகிக்கொள்ளும். பத்து நாளும் இது நடந்தது.

எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பதினாறு கட்டடங்களுக்கும் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். எல்லோருக்கும் மெக்கானிக். அவர் மனைவிகூட வெளியாட்களிடம் "எங்க மெக்கானிக்" என்றுதான் சொல்வார். அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில், என் வீடு நான்காவதில். சிகிச்சைக்குக் கூட ஓர் ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், என் கதவைத் தட்டினார். "நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி. எப்படியும் வீட்ல சும்மாதானே எழுதிக்கிட்டு இருக்கீங்க." என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. போனேன்.

அவரோடு லிஃப்டில் போவது ஒரு தனி அனுபவம். ஏறுவதற்கு முன் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, டாக்டர் நெஞ்சைக் கேட்பதுபோல் கேட்பார். "பேரிங் அழுவுது," என்பார். ஆஸ்பத்திரி லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் கதவு மூடும் பட்டனைப் படபடவென்று அமுக்க, இவர் மிகுந்த கனிவோடு, "அது சும்மா உங்க மன ஆறுதலுக்கு வச்சது சார்," என்றார். அந்த மனிதர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்.

இப்படிப்பட்டவர் குடிக்கவும் செய்தார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, தெருவில் விழுந்து கிடப்பது கிடையாது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போவார்; பானல் பெட்டிக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். "நான் யாருக்குத் தம்பி தொந்தரவு குடுத்தேன்?" என்று பெருமையாகவே கேட்டுக்கொண்டிருந்தார், போன வருஷம் ஒரு பகல்பொழுது வரைக்கும்.

அன்று கிரீஸ் போடுவதற்காக மெயின் சுவிட்சை அணைத்தார். லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அவர் தொழிலில் முதல் நாள் பாடம் அது. பார்க்கவில்லை. அணைத்தார், குடித்தார், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு இருட்டில் நின்றவர் அவருடைய மனைவி.

இரண்டரை மணி நேரம். வெளியே போயிருந்த நான் திரும்பி வந்தபோது லிஃப்ட் கதவுக்குப் பின்னால் டொக், டொக் என்று மெல்ல ஒரு சத்தம். மாடிக்கு ஓடி மோட்டார் அறைக் கதவை உடைக்காத குறையாக இடித்து அவரை எழுப்பினேன். ஏன் அக்கா கத்தவில்லை என்று பிறகு கேட்டேன். "கத்தினா கட்டடமே வந்திருக்கும். இவரு குடிச்சிருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

மறுநாள் காலை அக்கா அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க." அன்றிலிருந்து அக்கா லிஃப்டில் ஏறுவதில்லை. வலிக்கிற முழங்காலோடு ஐந்து மாடியும் படியில்தான். மெக்கானிக் கூடவே ஏறுவார், நான்கு படி பின்னால், தப்பு செய்த பிள்ளை மாதிரி.

அப்படித்தான் அவர் ஆஸ்பத்திரியில் நடந்த இந்த ஆய்வில் வந்து சேர்ந்தார். தலைக்குக் கொஞ்சம் மின்சாரம், காது நரம்புக்குக் கொஞ்சம் மின்சாரம், அந்த இருபது நிமிஷமும் மனதைக் கவனிக்கும் பயிற்சி. மூன்றும் சேர்ந்தால் குடியின் பிடி தளருமா என்று பார்க்கிறார்கள். ஒரு நிபந்தனையை ஆய்வை நடத்தும் டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மின்சாரம். மீதிப் பேருக்கு முதல் அரை நிமிஷம் சுருக்கென்று இருக்கும், பிறகு மிஷின் தானாக நின்றுவிடும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. பயிற்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு.

பயிற்சிக்கு மெக்கானிக் வைத்த பெயர் 'சும்மா இருக்கிற வேலை'. முதல் நாள் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மூன்றாவது நிமிஷம் குறட்டை. இரண்டாம் நாள், குடிக்கும் ஆசையை விரட்டாமல், அதன் பின்னால் போகவும் செய்யாமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

"தொண்டையில இருக்கு. அப்புறம் வலது கைப் பெருவிரல்ல."

"பெருவிரல்லயா?"

"மூடி திருகுற விரலுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மெக்கானிக் அந்த வேலையில் இறங்கிவிட்டார். ஆறாம் நாள் டீக்கடையில் எனக்கே பாடம் எடுத்தார். "ஆசை வர்றது லிஃப்ட் மாதிரி தம்பி. நீங்க பட்டனை அமுக்கலைன்னாலும் அது வரும், கதவு தொறக்கும். தொறந்துச்சேன்னு ஏறணுமா? நின்னு பாருங்க. மூடிக்கிட்டு அதுபாட்டுக்குப் போயிடும்."

எட்டாம் நாள் நடந்தது வேறு. கட்டிவிட்டு நர்ஸ் வெளியே போயிருந்தார். மூலையில் உட்கார்ந்து நான் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் கால்சட்டைப் பையிலிருந்து தன் மீட்டரை எடுத்தார். மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்று அவர் தெரிந்துகொள்ள ஒரு வயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கொடுத்தால் போதும். ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம், அவருக்கு மட்டும் ஒரு நொடி வேலை. மீட்டர் வயர்களின் முனை இரண்டையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். அசடு வழியச் சிரித்தார்.

"பொய்னு தெரிஞ்சா கோவம் வரும். கோவம் வந்தா நான் எங்க போவேன்னு உங்களுக்கே தெரியும். நெஜம்னு தெரிஞ்சா தெனாவட்டு வரும். தெனாவட்டுக்கும் அதே கடைதான் தம்பி."

அந்த மதுக்கடை நாங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. பத்தாம் நாள், சிகிச்சை முடிந்த மதியம், அதன் முன்னால் அவர் நின்றுவிட்டார். கூப்பிட்டேன். தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"வந்துச்சு, போயிடுச்சு," என்றார் கடைசியில்.

"பஸ்ஸும்தான்," என்றேன். நடந்தே வீடு வந்தோம்.

நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்ததால் அக்காவும் வந்தார். அதுவரை ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அவருக்கு வைத்தது நிஜமா பொய்யா என்று எழுதி ஒட்டிய உறையை டாக்டரம்மா கொடுத்தார். மெக்கானிக் பிரித்தார். நிஜ மின்சாரம் என்று போட்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏண்ணே? நல்ல சேதிதானே?" என்றேன்.

"பொய்யா இருக்கணும்னுதான் தம்பி நெனச்சுக்கிட்டு இருந்தேன். பொய்யா இருந்தா, நானேதான் குடிக்காம இருந்தேன்னு இவகிட்டச் சொல்லியிருக்கலாம். இப்ப மிஷின் இருந்துச்சுன்னுல்ல ஆயிடுச்சு."

மிஷின் உதவியிருக்கலாம், பயிற்சி உதவியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஒரு ஆளின் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மெக்கானிக்குக் காதில் ஏறவில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"கரண்டு வச்சது பத்து நாளு. அதுக்கப்புறம் தெனமும் வேலை முடிஞ்சு அந்தக் கடையைத் தாண்டித்தானே வந்தீங்க? அப்பவும் மிஷினா காலை எடுத்து வச்சுது?"

மெக்கானிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கட்டடத்துக்கு வந்ததும் நான் பட்டனை அமுக்க, லிஃப்ட் வந்து திறந்தது. அக்கா அதன் பக்கம் பார்க்காமல் படிக்குப் போனார். மெக்கானிக் வழக்கம்போல நான்கு படி பின்னால். நான் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நின்றிருந்தேன்.

முதல் திருப்பத்தில் அக்கா நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் நின்றதும் மெக்கானிக்கும் நின்றார், அதே நான்கு படி தள்ளி.

"அங்கேயே நின்னா எப்படிங்க?" என்றார் அக்கா, திரும்பாமலே. "மேல வாங்க." பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

மெக்கானிக் நான்கு படியையும் இரண்டே எட்டில் ஏறி, தன் உள்ளங்கையைச் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்தார்.