ஆள் கணக்கு சரியாகத்தான் இருந்தது

இது நடந்தது. இட்டுக்கட்டுகிறவன் நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வான். என்னிடம் நிமிடக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கூடை முடிந்ததும் யார் எத்தனை எறிந்தோம் என்பதைக் கைபேசியில் பதிவது எங்கள் பழக்கம். பதிந்த நேரத்தை அது தானே குறித்துக்கொள்ளும். அந்த நவம்பர் சனிக்கிழமையின் பதினான்கு பதிவுகளும் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. பதினைந்தாவது இல்லை.

என் பெயர் ஆர்வோ. மத்திய ஃபின்லாந்தில், ஏரிகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை. சனிக்கிழமை வந்தால் தட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டிஸ்க் கோல்ஃப். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத் தட்டை மரங்களுக்கு நடுவே எறிந்து எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். மொத்தம் பதினெட்டுக் கூடைகள். சமதரையில் என்றால் குழந்தை விளையாட்டு. நாங்கள் போகும் ஹிர்விமாகி குன்று அப்படியல்ல. ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் முழங்கால் கெஞ்சும். யானை யானையாகப் பாறைகள். அவற்றின் மேல் கணுக்கால் புதையும் பாசி. பகலிலேயே வெளிச்சம் உள்ளே வர யோசிக்கும் ஊசியிலைக் காடு.

ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தட்டு தொலைந்தால் மூன்று நிமிடம் தேடலாம். எறிந்தவன் மட்டுமல்ல, கூட வந்த எல்லோரும் தேட வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்ப்பார். மூன்று நிமிடம் முடிந்தால் ஓர் எறி அபராதம். தட்டைக் காட்டுக்கே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். தேடும்போது பக்கவாட்டில் பரவி, தலையைக் குனிந்து, தரையையே பார்த்துக்கொண்டு போவோம். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அன்று எங்களோடு தௌனோ வந்திருந்தார். என் மனைவி ஹெல்காவின் அண்ணன். அறுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு இதய அறுவை சிகிச்சை. மெதுவாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஹிர்விமாகியில் ஏறலாம் என்று சொல்லவில்லை. ஆனால் கத்தி வைக்கும் முன் ஒருமுறை அங்கே எறிந்தே தீர வேண்டும் என்று மூன்று நாளாக அடம். ஹெல்கா கடைசியில் இறங்கி வந்தாள். என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நாலு மணிக்கு நீராவிக் குளியலுக்கு சவுனா சூடா இருக்கும். அண்ணன் இந்த வாசப்படியில நிக்கணும். நீ அவர் பின்னாடியே நடக்கணும், ஆர்வோ. முன்னாடி இல்ல. பின்னாடி."

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாவது ஆள் ஒஸ்ஸி. பக்கத்து வீட்டு மின்சார வேலைக்காரன், முப்பது வயது. வேகமாக நடப்பான், அதைவிட வேகமாகப் பேசுவான்.

மதியம் 12:50க்கு முதல் கூடை. மூடுபனி. குளிர் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே. வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. தௌனோவின் பையையும் நானே சுமந்தேன். இருபது அடிக்கு ஒருமுறை அவர் நிற்பார். மூச்சு விசில் அடிக்கும். நானும் பின்னாலேயே நிற்பேன்.

"என்ன மாப்ள, சவ ஊர்வலம் மாதிரி பின்னாடியே வர்ற? செவ்வாக்கிழமை வரைக்கும் பொறு," என்றார்.

ஒஸ்ஸி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது கூடை. 14:06. ஒஸ்ஸி எறிந்த தட்டு ஒரு மரத்தில் மோதிச் சரிவுக்குள் போய்விட்டது. மூன்று பேரும் பரவித் தேடினோம். நான் ஓரத்தில் இருந்தேன். நடுவில் ஒருமுறை முதுகு வலிக்க நிமிர்ந்தேன்.

பனிக்குள் குனிந்தபடி முதுகுகள். ஒன்று, இரண்டு... மூன்று.

என்னைச் சேர்க்காமல் மூன்று.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இரண்டுதான். ஏதோ மரக்கட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தட்டும் கிடைத்துவிட்டது.

பன்னிரண்டாவது கூடை முடிந்து, 14:45. ஒரு பாறையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த காபியைக் குடித்தோம். ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே தௌனோ கேட்டார்:

"அந்த ஆளு போயிட்டானா?"

எந்த ஆள் என்று கேட்டேன்.

"ஒன்பதாவதுல கூடச் சேர்ந்து தேடினானே. என் பக்கத்துலதான் வந்தான். ஒரு வார்த்தை பேசல, மூஞ்சியும் காட்டல. அசல் நம்ம ஊர்க்காரன்."

தனியாக விளையாட வருகிறவர்கள் தேடுவதற்குக் கை கொடுப்பது உண்டுதான். ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மட்டும்தானே இருந்தது? ஒஸ்ஸி என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

இங்கேயே திரும்பிவிடலாம் என்றேன். தௌனோ கேட்கவில்லை. பதினைந்தாவது எறிமேடை குன்றின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து கீழே ஏரி தெரியும். அதிலிருந்து ஒரே ஓர் எறி, பிறகு நேராகக் காருக்கு இறங்கிவிடலாம் என்று பேரம் பேசினார். அவர் முகத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். சம்மதித்துவிட்டேன்.

அது என் தவறு.

பதினான்காவது கூடை ஒரு பள்ளத்தில். 15:20. அவர்கள் இருவரும் முடித்துவிட்டார்கள். என் தட்டு கூடையின் விளிம்பில் பட்டு, செங்குத்தாக நின்று, சக்கரம் மாதிரி உருண்டு சரிவில் இறங்கி மறைந்தது. ஒஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தான். மூவரும் பரவினோம். சூரியன் இறங்கும் நேரம். மங்கலில் எல்லா நிறமும் சாம்பலாகியிருந்தது.

எனக்கு இடப்பக்கம் ஒஸ்ஸி. வலப்பக்கம், பெரிய பாறையின் ஓரமாகத் தௌனோ.

"நேரம் முடிஞ்சுது," என்றான் ஒஸ்ஸி.

அபராதத்தை ஏற்று, வேறு தட்டை எடுத்துக் கூடையில் போட்டேன். கலீர் என்று சங்கிலி குலுங்கியது. 15:26. பதிந்துவிட்டு நிமிர்ந்தேன். மேலே ஏறும் பாதையின் தொடக்கத்தில் இரண்டு உருவங்கள் காத்திருந்தன. முன்னால் உயரமாக, முதுகில் பையோடு ஒஸ்ஸி. அவனுக்குப் பின்னால் தோள் சற்றுக் குனிந்து, பை இல்லாமல் ஒன்று. தௌனோவின் பை என் தோளில் இருந்தது.

இரண்டு. என்னோடு மூன்று. ஆள் கணக்கு சரி.

ஏறத் தொடங்கினோம். ஒருவர் பின் ஒருவராக. நான் கடைசி. ஹெல்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி முன்னால் போகும் முதுகை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

நன்றாகவே ஏறினார். வேர்களின் மேல் கால் வைத்து, நிற்காமல், சீராக. காபி வேலை செய்கிறது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருபது அடி. நாற்பது அடி. நூறு அடி.

ஒருமுறைகூட நிற்கவில்லை.

"மெதுவா, மச்சான்," என்றேன்.

உடனே வேகம் குறைந்தது. பதில் இல்லை. திரும்பவும் இல்லை.

நான் நின்றேன். முன்னால் இருந்த கால்களும் நின்றன. அதே நொடியில்.

"ஏதாவது பண்ணுதா?"

தலை மட்டும் அசைந்தது. இல்லை என்று. மெதுவாக... இடமும் வலமும்... தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

மறுபடி நடந்தோம்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். குளிரில் என் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மேலே ஒஸ்ஸியின் தலைக்கு மேலும் வெள்ளையாக ஆவி.

நடுவில் இல்லை.

விசில் மூச்சும் கேட்கவில்லை.

கூப்பிட வாய் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். கால்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன.

15:38. உச்சி. ஒஸ்ஸி பையை இறக்கி வைத்தான். திரும்பினான். என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால், பாதையின் கீழே பார்த்தான்.

"அண்ணன் எங்க?"

எனக்கும் அவனுக்கும் நடுவே நான்கு அடி.

அந்த நான்கு அடியில்... யாரும் இல்லை.

"எனக்கு முன்னாடிதானே..." என்றேன்.

"எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு நடந்து வந்தீங்க. காதால கேட்டேன்." ஒஸ்ஸி இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு பேரு, ஆர்வோ."

பைகளைப் போட்டுவிட்டு ஓடினோம்.

எத்தனை முறை விழுந்தேன் என்று தெரியாது. 15:46க்குப் பள்ளத்தில் இருந்தோம். இருட்டிவிட்டது. கைபேசி வெளிச்சம் பனியில் பட்டு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினோம். பதில் இல்லை.

பரவித் தேடினோம். பழக்கம். தலையைக் குனிந்து, பாசியைப் பார்த்து. இடப்பக்கம் ஒஸ்ஸி.

வலப்பக்கம்... சளக்... சளக்...

ஈரப் பாசியில் கால் வைக்கும் சத்தம்.

ஒஸ்ஸி இடப்பக்கம்தான் இருந்தான். அவன் அழுவது எனக்குக் கேட்டது.

சளக்... சளக்...

நான் எண்ணவில்லை. அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் ஓடியிருப்பேன். ஓடியிருந்தால் தௌனோ செத்திருப்பார்.

பெரிய பாறையைச் சுற்றி வந்தேன்.

கால் ஒன்று தெரிந்தது.

மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. கையில் என் தட்டு. எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டிருக்கிறார். குனிந்து எடுத்தவர் அப்படியே சரிந்திருக்கிறார்.

நெஞ்சில் கை வைத்தேன். துடிப்பு இருந்தது. மெல்லியதாக.

"மாப்ள..." என்றார். "நேரம் முடிஞ்சுதா?"

சளக் சத்தம் நின்றிருந்தது.

15:51க்கு 112ஐ அழைத்தேன். மீட்புப் படையினர் வந்து தூக்குப் படுக்கையில் அவரை இறக்கும்போது மணி 16:35. நான்கு மணியிலிருந்து வாசலில் நின்றிருந்த ஹெல்காவுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீ அவர் பின்னால்தானே நடந்தாய் என்று. 

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவே அறுவை சிகிச்சை நடந்தது. தௌனோ பிழைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மருத்துவமனையில், ஹெல்கா வெளியே போன சமயம் பார்த்து, என்னை அருகே கூப்பிட்டார்.

"நான் விழுந்ததை அவன் பாத்தான், மாப்ள. பக்கத்துலதான் இருந்தான். குனிஞ்சு என்னை ரொம்ப நேரம் பாத்தான். எனக்குப் பேச்சு வரல. நீங்க கிளம்புற சத்தம் கேட்டுச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவன் எழுந்தான். தோளைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டான். என்னை மாதிரி. அப்புறம் உங்ககிட்ட நடந்து போனான்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், உச்சியில் போட்டுவிட்டு வந்த பைகளை யாரோ எடுத்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. பெர்த்தி என்பவர். ஹிர்விமாகியில் புல் வெட்டுவது, கூடைகளைச் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான். வாங்கப் போனேன். பைகளை ஏன் அங்கே விட்டேன் என்று கேட்டார். எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய்க் காபி போட்டார். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"காருக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சா உங்களுக்கு?"

ஆமாம் என்றேன்.

"நல்லவேளை," என்றார்.

பிறகு சொன்னார். ஒன்பது வருடங்களுக்கு முன், ஓர் அக்டோபர் மாலை. நான்கு நண்பர்கள் விளையாடப் போனார்கள். மழை. பதினெட்டுக் கூடைகளையும் முடிக்காமல் இருட்டில் இறங்கினார்கள். காருக்கு நான்கு பேரும் வந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். நான்கு. களைப்பு, யாரும் பேசவில்லை. ஓட்டியவர் ஒவ்வொருவராக வீட்டில் இறக்கிவிட்டார். கடைசியாக, பின் சீட்டில் இருந்த வில்யோவை 18:10க்கு அவர் வீட்டு வாசலில் இறக்கினார். கதவு சாத்தும் சத்தத்தைக் காதால் கேட்டார். கிளம்பிப் போய்விட்டார்.

இரவு ஒன்பது மணிக்கு வில்யோவின் மனைவி போனில் கூப்பிட்டாள். இன்னும் வரவில்லையே, எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பதினான்காவது கூடைக்குப் பக்கத்தில், பாறைக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். மாலை நான்கு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

பெர்த்தி கோப்பையை என் முன்னால் வைத்தார். காபி மேசையில் சிந்தியது.

"வண்டி ஓட்டினது நான்தான்," என்றார். "அந்தப் போன் வந்ததும் வெளிய ஓடிப்போய்ப் பின் சீட்டைப் பாத்தேன். நாங்க எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருந்தோம். மத்த சீட்டெல்லாம் ஈரம். அந்த ஒரு சீட் மட்டும் காஞ்சு கிடந்துது."

சிந்திய காபியைத் துணியால் துடைத்தார்.

"சீட் பெல்ட் மாட்டினபடியே இருந்துது."