வெகுமதி வாங்காதவர்

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில், மோர்டென்ஸ்ருட் பகுதிக்குப் போகும் ரயிலில் கைப்பையைத் தொலைத்தேன். மறுநாள் ஒரு முதியவர் தொலைபேசியில், "பை என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு வாருங்கள்" என்றார். பைக்குள் எங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் மகளின் படமும் இருந்தன.

"தனியப் போகாதை, காசு பறிக்கத்தான் கூப்பிடுறான்" என்றார் கணவர். பயந்துபோய்ப் பொலிஸுக்குச் சொன்னேன். பின்னால் வருவதாகச் சொன்னார்கள்.

முதியவர் கதவைப் பாதி திறந்து பையைத் தந்தார். எதுவும் குறையவில்லை. வெட்கத்தோடு ஐந்நூறு குரோனர் நீட்டினேன்.

"வேண்டாம். நான் யூதன். தொலைந்ததைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சட்டத்தில் கடமை, அதற்குக் கூலி வாங்கக் கூடாது. வேலையை விட்டு வந்திருந்தால் இழந்த சம்பளத்தைக் கேட்கலாம். எனக்குத்தான் வேலையே இல்லையே" என்று சிரித்தார்.

அப்போது மாடிப்படியில் கனத்த காலடிகள் கேட்டன. இரண்டு பொலிஸ்காரர்களைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்திருந்த போர்க்காலத்தில், யூதர் என்பதற்காக என் அப்பாவையும் பொலிஸ்தான் வந்து கூட்டிப் போனது. எனக்கு அப்போது ஏழு வயது."

"நான்தான் அழைத்தேன், மன்னியுங்கள்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

யாழ்ப்பாணத்தில் இராணுவம் என் அண்ணனைத் தேடி வந்தபோது அந்தக் காலடிகளைக் கேட்டவள் நான். அப்படிப்பட்ட நானே அவற்றை இன்னொருவர் வாசலுக்கு அனுப்பினேன்.