மூடி திறந்த தட்டு

கல்யாணப் பேச்சு முடிந்த அன்றே போலீஸ்காரி என்ற பெயர் மணப்பெண்ணான அண்ணியின் காதில் விழுந்துவிட்டது. "எங்க வீட்ல ஒரு போலீஸ்காரி இருக்கா, பாத்து நடந்துக்கோ," என்றான் மாப்பிள்ளை. ஏதோ காக்கிச் சட்டை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வந்து பார்த்தால் அவன் தங்கை! பால் பொங்கினால்கூட அடுப்பை யார் கூட்டி வைத்தது என்று விசாரிக்கிற பிறவி.

அந்த நாத்தனாரைத் தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டாள் அண்ணி. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

மருந்துக்கு ஆகுமா என்று பார்க்க, எந்த மூலக்கூறு டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது என்று சலித்தெடுப்பது அங்கே வேலை. குழி குழியான தட்டில் டி.என்.ஏ., அதோடு ஒட்டினால் ஒளிரும் சாயம். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனைப் புதிதாக ஏறியவன் இடித்து எழுப்புகிற மாதிரி, பிடிக்கிற மூலக்கூறு சாயத்தைக் கிளப்பிவிடும், ஒளி குறையும். ஒப்பிட்டுப் பார்க்க மூலக்கூறு எதுவும் விடாத சில குழிகள் மட்டும் அப்படியே ஒளிர வேண்டும்.

போலீஸ்காரியின் தட்டில் அந்தக் குழிகளும் மங்கின. அண்ணியின் தட்டில் மங்கவில்லை. போதாதா? போலீஸ்காரி நேரே ஆய்வுக்கூடத் தலைவரிடம் போனாள்.

"நான் சாப்பிடப் போற நேரத்துல யாரோ எதையோ விடுறாங்க சார். யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். எங்கண்ணன் பொண்டாட்டி."

தலைவர் அண்ணியைக் கூப்பிட்டார். "இது உண்மையா இருந்தா நீங்க இனிமே வர வேண்டாம்மா."

செய்யாத தப்பை அண்ணி எதைக் காட்டி மறுப்பது?

"என் கண் முன்னால ஆளுக்கொரு தட்டு போடுங்க," என்றார் தலைவர்.

சாயம் ஊறும் வரை அண்ணி தன் தட்டைக் கறுப்புப் பெட்டியில் மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். போலீஸ்காரி தன் பெட்டியைத் திறந்தாள். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"யாராவது கை வெச்சாங்களான்னு பாக்குறேன் சார்."

"நான்தான் இங்கயே உக்காந்திருக்கேனே?"

"உங்களையும் சேத்துத்தான் சார்."

ஒளியை அளக்கும் கருவியில் வைத்தபோது அண்ணியின் தட்டில் அந்தக் குழிகள் ஒளிர்ந்தன; போலீஸ்காரியின் தட்டு முழுக்க மங்கல்.

"வெளிச்சம் பட்டா இந்தச் சாயம் வெளுத்துடும்மா. பெட்டி எதுக்குக் கறுப்பா இருக்குன்னு நெனச்ச?" என்றார் தலைவர்.

அவள் சட்டென்று திரும்பினாள். "அண்ணி இத ஏன் எங்கிட்ட மறைச்சாங்க?"

"மறைச்சேனா? மூடி வைன்னு மொத நாளே சொன்னேன். 'எத ஒளிக்கறதுக்கு மூடச் சொல்றீங்க'ன்னு கேட்டது யாரு?"

அண்ணி அதே மேசையில் இன்றும் தட்டு போடுகிறாள். போலீஸ்காரி இப்போது கீழ்த்தளத்தில் குடுவை கழுவும் அறையில் வேலை பார்க்கிறாள்.