பீப் அக்காவும் கடலில் விழுந்த சக்கரத்தாழ்வாரும்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடைகள் ஏழெட்டு இருக்கின்றன. திங்கட்கிழமை காலையில் ஜெனிட்டாவின் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருக்கும். அதில் நீளமான தண்டும், அதன் முனையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையமும் ஊறிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் என்னவென்று கேட்காமல் போவதில்லை.

"மெட்டல் டிடெக்டர். கடலுக்குள்ள போவும். வந்தா குளிப்பாட்டணும், இல்லாங்காட்டி அதுக்கு நோவு வந்துரும்" என்பாள் ஜெனிட்டா, உடைந்த போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

செங்கல்பட்டில் ஐடிஐ முடித்து, ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் சர்க்யூட் போர்டுகளுக்குப் பற்றவைத்தவள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்து அலுத்துப்போய், ஊரிலேயே கடை போட்டாள். கடை போட்ட மூன்றாம் வருஷம் மாமல்லபுரத்தில் விடுதி எடுத்துத் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கடல் தண்ணீர் புகுந்து செத்துவிட்டதாம். ஒரு வாரம் அரிசியில் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லையாம்.

"அரிசி சோறாக்கத்தான் ஆவும் சார்" என்றாள் ஜெனிட்டா.

மறுநாள் அவருக்கு விமானம். சரியானால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் திறந்து பார்த்தபோது போர்டு முழுக்கப் பச்சைப் பாசி பிடித்தாற்போலக் களிம்பு. பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் ஸ்பிரிட்டாலும் கால் கால் அங்குலமாகத் துடைத்தாள். பேட்டரி ஸ்பிரிங்குகளை மாற்றினாள். தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்று தேடினாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் வளையம். அதன் மேல் ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தது. அந்த முடி ஓரமாகத்தான் கடல் உள்ளே வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் தலைக்குத் துணி கட்டிக்கொள்வாள்.

ஒன்றரை மாதம் கழித்து மெஷின் 'பீப்' என்றது. கடைக்குள் இருந்த இரும்பு ஸ்டூலைப் பார்த்துத்தான் கத்தியது. ஆனாலும் ஜெனிட்டா தன் கணவன் ஜெரோமுக்கு போன் போட்டுக் கூப்பிட்டாள். ஜெரோம் கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரியை இறக்கிவிட்டு வந்து பார்த்தான்.

"ஸ்டூலு இங்கதான் கீதுன்னு எனக்கே தெரியும். அத சொல்றதுக்கு ஒரு மெஷினா?"

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் பாட்டில் மூடியும் வலையில் கட்டும் ஈயக்குண்டும்தான் கிடைத்தன. இந்தக் கடற்கரை மணலில் கறுப்பு மணலும் கலந்திருக்கும். சாதாரண மெஷின் அதையே உலோகம் என்று நினைத்து ஓயாமல் கத்தும். உப்புத்தண்ணீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுக்காரரின் மெஷின் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிப் பதில் கேட்கிற வகை. கறுப்பு மணலையும் உப்பையும் அது சட்டை செய்யாது. ஆனால் தங்கமா தகரமா என்றும் பிரித்துச் சொல்லாது. தங்கத்துக்கும் ஒரு பீப், தகரத்துக்கும் ஒரு பீப். தோண்டித்தான் பார்க்க வேண்டும். அதற்காகவே லேத் பட்டறையில் சொல்லி, நீளக் கைப்பிடியோடு எவர்சில்வரில் ஒரு சல்லடை அகப்பை செய்து வாங்கினாள்.

நான்காவது ஞாயிறு, சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியவரின் பல் செட் அலையில் போய்விட்டது. கம்பி வைத்த செட். ஜெனிட்டா இருபது நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை அங்கேயே அலசி வாயில் மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். அந்த வீடியோ பரவியதிலிருந்து கடற்கரையில் அவள் பெயர் பீப் அக்கா. மோதிரம், கார் சாவி, கொலுசு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். தொல்லியல் துறை வேலி பக்கம் மெஷினைத் தூக்கிக்கொண்டு தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. கிடைப்பது எதுவானாலும் தொலைத்தவர் கைக்குத்தான் போகும்.

போன வருஷம் மாசி மகத்தன்று காலை ஒன்பதரைக்குக் கலைவாணன் போன் செய்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஃபைபர் படகு வைத்திருக்கிற மீனவர்.

"அக்கா, உடனே மெஷின எடுத்துகினு வா. சாமி கடல்ல வுழுந்துட்சு."

"எந்த சாமி?"

"சக்கரத்தாழ்வாரு. ஐயரு கையிலேர்ந்து அலை புடுங்கிகினு பூட்சு. நாங்க ரெண்டு மணி நேரமா முங்கி முங்கிப் பாத்துட்டோம்."

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சின்னப் பெருமாள் கோயில். வருஷா வருஷம் மாசி மகத்துக்குப் பெருமாளைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து பந்தலில் வைத்து, சக்கரத்தாழ்வாரைக் கடலில் மூன்று முறை முழுக்காட்டிவிட்டுத் திரும்புவார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஜெனிட்டா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா தாவீதும் அம்மா பொன்னியும் கல்யாணமான புதிதில் நடவுக்கும் அறுப்புக்கும் போன ஊர் அது. அந்தக் கோயில் தெரு வழியாகப் போகக் கூடாதென்று வயலைச் சுற்றிக்கொண்டு போனதை பொன்னி இன்றும் சொல்லுவாள்.

"லைன்ல கீறியா அக்கா?"

"வர்றேன்" என்றாள்.

ஆட்டோ போய் நின்றபோது கடற்கரையில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு பேரும் இருநூறு இடத்தைக் கைகாட்டினார்கள். அலைக்கு அப்பால் கலைவாணனின் ஆட்கள் இன்னும் முங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் பெருமாள் மாலையோடு காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், இடுப்புக்கு மேல் ஈரம் காயாமல், எழுபது வயதைத் தாண்டிய பட்டாபிராமன் பட்டர் மணலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷமாக அந்தக் கோயிலில் பூஜை செய்கிறவர். பக்கத்தில் அவருடைய மகன் ஹரிசங்கர். வாரநாளில் படூரில் கம்ப்யூட்டர் வேலை, விசேஷ நாளில் அப்பாவுக்குத் துணை.

ஜெனிட்டா கூட்டத்தை விட்டுவிட்டு நேரே பட்டரிடம் போனாள்.

"சாமி, எங்க நின்னீங்கன்னு சொல்லாதீங்க. நின்னப்போ இன்னா தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எதிர்க்க ஒரு பச்சைப் படகு. திரும்பிப் பார்த்தா பந்தல் வாழைமரம் ரெண்டுக்கும் நடுவுல பெருமாள் திருமுகம். முதல் முழுக்குப் போட்டு நிமிர்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்."

"தண்ணி எதுவரைக்கும்?"

"இடுப்பளவு."

பச்சைப் படகு அதே நங்கூரத்தில் இருந்தது. ஜெனிட்டா கடலைப் பார்த்தாள். பிறகு முங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"கலைவாணா, எல்லாரையும் வெளிய வரச்சொல்லு. அவ்ளோ தூரம் போயிருக்காது. கனமான சாமான் அலையோட ஓடாது, நின்ன எடத்துலயே மணலத் தோண்டிகினு கீழ எறங்கும்."

ஜெரோம் இரண்டு சவுக்குக் கொம்புகளைக் கரையில் நட்டு நைலான் கயிறு கட்டினான். அதைக் கணக்காக வைத்து, கரைக்கு இணையாகப் பத்தடி போவது, ஓரடி உள்ளே தள்ளித் திரும்பி வருவது என்று அவள் ஆரம்பித்தாள். காதில் ஹெட்போன், இடுப்பில் அலை தள்ளாமல் இருக்க ஈயக்குண்டு கோத்த பெல்ட்.

பீப்! ஐந்து ரூபாய். பீப்! இரண்டு ரூபாய். காலையிலிருந்து வந்தவர்கள் வேண்டிக்கொண்டு எறிந்த காசெல்லாம் அங்கேதான் கிடந்தது. அவள் அகப்பையைத் தூக்கியபோதெல்லாம் கரையில் "கோவிந்தா!" என்று கோஷம் எழுந்தது. எட்டாவது காசுக்குப் பிறகு கோஷம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மெஷின் காரணமில்லாமல் கத்த ஆரம்பித்தது. தண்ணீருக்கு வெளியே தூக்கினாலும் கத்தியது. கரையேறி, மெஷினைத் தார்ப்பாயில் கிடத்தி, தலையில் துணியைக் கட்டினாள்.

"நல்ல தண்ணி வேணும். உப்புத் தண்ணி ஆவாது."

குடிதண்ணீர் ஒரு குடம்கூட மிச்சமில்லை. பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொண்டுவந்த குடங்கள்தான் இருந்தன. துளசி மிதக்கும் தண்ணீர். எல்லாரும் பட்டரைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். ஹரிசங்கரே குடத்தைத் தூக்கிவந்தான்.

அவள் வளையத்தின் அடியில் இருந்த மூடியைக் கழற்றினாள். உள்ளே கறுப்பு மணல் வண்டல் கெட்டியாக அடைந்திருந்தது. அதுதான் ஒவ்வொரு அசைவுக்கும் வளையத்தில் உரசியிருக்கிறது. ஹரிசங்கர் மெல்ல ஊற்ற ஊற்ற, அவள் விரலால் வழித்துவிட்டாள்.

"மெஷினுக்குத் திருமஞ்சனம் ஆவுது" என்று ஜெரோம் சொல்ல, பின்னாலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து அந்தக் கடற்கரையில் கேட்ட முதல் சிரிப்பு.

பேட்டரிப் பெட்டியையும் திறந்தாள். உள்ளே ஈரம் இல்லை. ரப்பர் வளையத்தை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துடைத்தாள். சிலிக்கான் கிரீஸை நகக்கண் அளவு எடுத்துத் தடவினாள்.

"சீக்கிரம்மா, வெயில் ஏறறது" என்றார் வேட்டி கட்டிய ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"அவசரத்துல மூடினா தண்ணி பூந்துக்கும் சார். அப்புறம் நானும் உங்களோட உக்காந்துகினு கடலப் பாக்க வேண்டிதான்."

திரும்ப உள்ளே இறங்கி ஏழாவது வரிசையில் போகும்போது சத்தம் மாறியது. காசுக்கு வருவது போல வெடுக்கென்ற பீப் இல்லை. ஆழத்திலிருந்து, அகலமாக, இழுத்து வந்தது. அகப்பையால் தோண்டினாள். தோண்டத் தோண்டக் குழி மூடிக்கொண்டது. விடாமல் தோண்டினாள். முழங்கால் ஆழத்தில் வலது பாதத்தின் கீழ் ஏதோ வட்டமாக, ஓரம் பல் பல்லாக இடித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியின் மேல் கால் வைத்துக்கொண்டு நிற்கிறாள்! காலை எடுத்தால் குழி மூடிவிடும். எடுக்காமல் இருந்தால் இருநூறு பேருக்கு இதை எப்படிச் சொல்வது? மெல்ல அகப்பையை அந்த இடத்தில் ஊன்றிவிட்டுக் காலை நகர்த்தினாள்.

"சாமி! வாங்க!" என்று கத்தினாள்.

பட்டரும் மகனும் கைகோத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஹரிசங்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஒரு அலை அவனை உருட்டிக் கரைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. எழுந்து வந்து மறுபடி குனிந்தான், மறுபடி உருட்டியது. பட்டரால் முதுகை வளைக்கவே முடியவில்லை.

"நீயே எடுத்துக் குடும்மா" என்றார் அவர்.

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். "சாமி, நான் பொன்னி பொண்ணு. உங்க ஊருல தாவீதும் பொன்னியும் நடவுக்கு வருவாங்களே, அவங்க பொண்ணு."

அலைச்சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று இருந்தது. கேட்டுத்தான் இருந்தது. அவர் முகத்தில் உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தெரியாம என்ன, மூக்கும் முழியும் பொன்னியேதான். எடும்மா."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணலுக்குள் இரண்டு கையையும் விட்டு, ஆட்டி ஆட்டித் தளர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சாண் உயரம், நினைத்ததைவிடக் கனம். சக்கரத்தின் பற்களிலெல்லாம் கறுப்பு மணல்.

கரையில் எழுந்த "கோவிந்தா!"வில் ஹெட்போனே அதிர்ந்தது.

பட்டர் கை நீட்டிச் சக்கரத்தாழ்வாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவள் விடப்போனாள்.

"விடாதே" என்றார். "இன்னும் ரெண்டு முழுக்கு பாக்கி. என் கை நடுங்கறது. இன்னொரு தடவை போச்சுன்னா நானும் பின்னாலேயே போயிடுவேன். அந்தப் பக்கம் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

வேட்டிக்காரர் கரையிலிருந்து ஏதோ சொன்னார். பட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மந்திரம் சொல்ல, இருவரும் சேர்ந்து குனிந்து முழுக்காட்டினார்கள். ஒன்று. அலை போகக் காத்திருந்து இன்னொன்று. இரண்டாவதில் ஜெனிட்டாவின் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய் இருமல் வந்தது. கையை மட்டும் விடவில்லை.

புளியோதரைப் பொட்டலங்களோடு வீடு வந்து சேர்ந்ததும் மெஷினைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுத்தான் அவள் சேலை மாற்றினாள். விஷயம் அதற்குள் பொன்னிக்குப் போயிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எவ்ளோ கனம் இருக்கும்?"

"மூணு கிலோ இருக்கும்மா."

"நான் இன்னும் பெர்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றாள் பொன்னி.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்னால் பட்டாபிராமனே போன் செய்தார். பீடத்தில் இருந்த துவாரத்தில் பட்டுக்கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளப் போகிறாராம்; இனிமேல் விழாதாம்.

"அப்போ நான் வர வேணாமா சாமி?"

"யார் சொன்னா? ஆறரைக்கெல்லாம் வந்துடு. பொன்னியையும் அழைச்சிண்டு வா."

ஜெனிட்டா போனாள். மெஷினையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். பந்தல் நிழலில், பெருமாளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பொன்னியை உட்காரவைத்தான் ஹரிசங்கர். மூன்று முழுக்கும் பழுதில்லாமல் முடிந்தது. அதற்குள் ஒரு அம்மாளின் கால் மெட்டி அலையோடு போய்விட, ஜெனிட்டா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷினோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.