ட்ராமில் சந்தித்த என் வாசகர்

அடுத்த விமர்சனங்களை விம்பிள்டன் போகும் ட்ராமில் திட்டமிட்டுக்கொண்டிருந்தேன். பழைய மடிக்கணினியிலும் ஓடும் ஒரு லினக்ஸ் இயங்குதளம், பிறகு படங்களைத் திருத்தும் ஓர் இலவச மென்பொருள். இரண்டையும் போட்டுப் பார்க்கவே வார இறுதிகள் எல்லாம் போய்விடும்.

"அக்கா, தமிழில லினக்ஸ் விமர்சனம் எழுதிறது நீங்கள்தானே? பேஸ்புக்கில படம் கண்டனான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இத்தனை வருடங்களில் ஒரு வாசகரை நேரில் கண்டது இதுதான் முதல் தடவை.

"ஓம்" என்றேன்.

"ஒண்டும் விடுறேல்லை. போனமுறை நீங்கள் எழுதினதைத்தான் வீட்டில போட்டிருக்கிறன்."

"கலைச்சொல்லெல்லாம் விளங்குதோ?"

"அது தெரியேல்லை அக்கா. நான் ஏஐயிட்டக் குடுத்து, இங்கிலீசில சுருக்கித் தரச்சொல்லித்தான் வாசிக்கிறனான். சரியான ஈஸி."

இதை அவர் நல்ல தமிழில்தான் சொன்னார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடிக் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். விம்பிள்டன் வந்ததும் இறங்கினேன்.

அடுத்ததைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் ஐந்து வரியோடு முடித்துவிடுவதா? சொல்லுங்கள். இந்தப் பதிவைச் சுருக்காமல் வாசித்தவர்கள் மட்டும்.